கொன்சுவேலோவின் சோம்பேறித் தூண்

கொன்சுவேலோ என்ற பாலைவனச் செம்புச் சுரங்க ஊரில் இறந்தவர்கள் மட்குவதில்லை, செம்பாகிவிடுவார்கள். முதல் வருடம் நகக்கண்ணில் பச்சைக் களிம்பு பூக்கும். அடுத்தடுத்த வருடங்களில் அது கை, கால் என்று ஏறும். அப்பன் சாகும்போது தொட்டிலில் கிடந்த பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள் அப்பன் முழுச் செம்பாகியிருப்பான். இதை ஊரில் யாரும் அதிசயமென்று பேசியதில்லை. கம்பெனிக் கடையில் ஒருமுறை கோழி மலிவாக விற்றது, அதைத்தான் வெகுகாலம் அதிசயமென்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் செம்புத் தூசியை விழுங்கிய உடம்பு செத்த பிறகு வேறென்னவாகும்? கம்பெனி டாக்டர் மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தூசியால் இந்த ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை, எல்லோரும் சளிபிடித்துத்தான் செத்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாக அவர் எழுதிக்கொடுத்துவந்தார். டாக்டர்கள் மாறினார்கள், சளி மாறவில்லை.

அதனால் ஊர்த் தச்சர்கள் சவப்பெட்டி மூடிக்குக் கீல் வைத்தே செய்தார்கள். நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று, குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மேல்மண்ணை விலக்கி, மூடியைத் திறந்து, தத்தம் ஆட்களைப் பீகா ஊர் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் துலக்குவார்கள். துலக்கி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடுவார்கள். எவள் புருஷன் எப்படிப் பளபளக்கிறான் என்பதை வைத்தே எவள் எப்படிப்பட்ட மனைவி என்று ஊர் முடிவுகட்டும். சுனில்தா யுஃப்லாவை அந்த விஷயத்தில் யாரும் குறை சொன்னதில்லை. அவள் புருஷன் எவரிஸ்தோ கோல்கே, துளைபோடும் இயந்திரக்காரன். திறந்த பெட்டிக்குள் அவன் வெயிலில் மின்னும்போது பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சுரங்கம் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு மலை இருந்ததாகச் சொல்வார்கள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை எல்லோருக்கும் தெரியும், கொன்சுவேலோவில் மலையைக் கெல்லிக் குழியைப் பிடித்தார்கள். வடக்கேயிருந்து வெள்ளைக்காரர்கள் நீராவி மண்வாரிகளோடு வந்தார்கள். தங்களுக்குப் புல்தரையும் ரோஜாச் செடியும் வைத்த வீடுகளை மேட்டில் கட்டிக்கொண்டார்கள். தொழிலாளிகளுக்குப் பள்ளத்தில் தகர வரிசைகள். ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை போட்டால் ஏழாவது வீட்டில் சமாதானம் சொல்வார்கள், அவ்வளவு மெல்லிய சுவர். தினமும் மாலைத் தேநீர் நேரத்துக்குக் குழியில் வெடி வைப்பார்கள். சங்கு ஊதியதும் ஊரே எழுந்து அலமாரியிலுள்ள கோப்பைகளைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் வெள்ளைக்காரர்கள் போனார்கள், கொடி மாறியது, செம்பு இனி நம்முடையது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஜனங்கள் நாலு நாள் ஆடித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அதே தகரச் சுவர், அதே சங்கு. மேட்டு வீடுகளின் ரோஜாச் செடிக்கு இப்போது உள்நாட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றினார்கள், அதுதான் மாற்றம். அப்புறம் சீருடைக்காரர்கள் ஆண்டார்கள், அவர்களும் போனார்கள், தேர்தல் திரும்பி வந்தது. இதற்கெல்லாம் அசையாமல் குழி மட்டும் தன்பாட்டுக்கு அகன்றுகொண்டிருந்தது, தாது மட்டும் தன்பாட்டுக்கு மெலிந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு லாரிக் கல்லை உலையில் போட்டால் ஒரு வாளிச் செம்புகூடத் தேறாத நிலை வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரத்திலிருந்து ரெனே உர்மெனேட்டா என்ற இளம் இஞ்சினியர் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசியதில்லை. நவம்பர் முதல் தேதி காற்றாட நடந்து வந்தவர், கல்லறைத் தோட்டம் முழுக்க எலுமிச்சை வாசனையும் செம்பு ஒளியுமாக இருப்பதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்காகக் கழற்றினார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு பேனாக்கத்தியை எடுத்து, ஓரமாகக் கிடந்த அநாதைக் கழுதைக்காரன் ஒருவனின் குதிகாலைக் கொஞ்சம் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் அந்தக் கழுதைக்காரன், குழியில் அப்போது வெட்டிக்கொண்டிருந்த கல்லைவிட முப்பது மடங்கு உசத்தி என்று தெரிந்தது. உயிரோடிருந்தபோது அவனை யாரும் எதைவிடவும் உசத்தி என்று சொன்னதில்லை.

அடுத்த மாதம் யூனியன் மண்டபத்தில் இஞ்சினியர் உருக்கமாகப் பேசினார். குழி இனி கிழக்கே நகர வேண்டும், கிழக்கே இருப்பது கல்லறைத் தோட்டம். இறந்தவர்கள் வரிசைப்படி தரம் பார்க்கப்படுவார்கள். உடம்பில் நூற்றுக்கு அரைப் பங்குக்குமேல் செம்பு இருந்தால் தாது, உலைக்குப் போவார்கள். அதற்குக் கீழே இருந்தால் கழிவு, கம்பெனி தொடாது, கிடந்த இடத்திலேயே கிடக்கலாம். உலைக்குப் போகிறவர்களுக்குத் தீயணைப்பு வீரர்களின் பேண்டு வாத்தியம் உண்டு, குடும்பத்துக்கு வாசலில் அடிக்கச் சதவீதம் எழுதிய எனாமல் தகடு உண்டு. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்களே, அந்தப் பெருமையை ஊர் முழுவதற்கும் அவர் ஒரே மாலையில் பங்கிட்டுக் கொடுத்தார்.

ஊர் கொதித்தெழும் என்று பயந்து இரண்டு வண்டி போலீஸ் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கொன்சுவேலோக்காரர்கள் கொதிக்கவில்லை. வாசல் தகட்டில் எவ்வளவு எழுதுவார்கள் என்றுதான் கேட்டார்கள். தங்கள் செத்தவர்களை உலைக்கு அனுப்புவதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தன் அப்பனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் அப்பனைவிடத் தரம் குறைந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. அரைக்குக் கீழே என்றால் என்ன அர்த்தம்? ஆள் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். இதைவிடக் கேவலம் அந்த ஊரில் கிடையாது. தேவாலயத்தில் முன் வரிசை, பண்டிகையில் முதல் நடனம், பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம் சதவீதப்படி நடக்க ஆரம்பித்தன. தாதுக் கல்லில் உலோகத்தூளைத் தூவி ஏமாற்றும் வித்தை சுரங்கக்காரர்களுக்குப் புதிதல்ல. இப்போது அதைத் தகப்பன்மார் மேல் காட்டினார்கள். ஊரில் அரம் விற்றுத் தீர்ந்தது. மின்கம்பிகளும் செம்பு வாணலிகளும் இரவோடு இரவாகக் காணாமல் போயின.

சுனில்தாவின் சுவரை ஒட்டிய வீட்டுக்காரி ஓர்ஃபெலினா. இருவருக்கும் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, ஏச்சுவார்த்தை உண்டு. ஓர்ஃபெலினாவின் புருஷன் நிபால்தோவுக்கு வேலையென்றால் எட்டிக்காய். அவன் உடம்பில் முட்டைக்கோஸில் இருக்கிற அளவுகூடச் செம்பு இருக்காது என்று ஊரே சிரித்தது. நாற்பது சதவீதம் என்று தரம் வந்தபோது சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. பேண்டு வாத்தியம் முழங்க, நிபால்தோ பூப்போட்ட லாரியில் உலைக்குப் போனான். ஓர்ஃபெலினா எனாமல் தகட்டை வாசலில் அடித்துவிட்டு, தினமும் காலையில் சுனில்தா வெளியே வரும் நேரம் பார்த்து அதைத் துடைத்தாள்.

எவரிஸ்தோ படுத்திருந்த வரிசை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரிலேயே அவனுக்குத்தான் மிகப் பெரிய தகடு வரும் என்று எல்லோரும் சுனில்தாவுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொன்னார்கள். அவளுக்குத் தகடு வேண்டாம், புருஷன்தான் வேண்டும். உயிரோடிருந்தபோது அவன் அவளிடம் இருந்ததேயில்லை. இரவு வேலை, பகல் வேலை, கூடுதல் வேலை, வெடிக்கு முன் வேலை, வெடிக்குப் பின் வேலை. வீட்டுக்கு வருவான், சாப்பாட்டு மேசையிலேயே தலைசாய்த்துத் தூங்குவான், போய்விடுவான். செத்த பிறகுதான் ஒரே இடத்தில் இருந்தான், பேசினால் கேட்டுக்கொண்டும் இருந்தான். அதையும் கம்பெனி கேட்கிறது என்றால் அவளால் எப்படிப் பொறுக்க முடியும்? விதிகளை யூனியன் பையன்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இறந்தவர் சுரங்கத்தில் வேலை செய்யாதவர் என்று ஊர்ச் சபையில் நிரூபித்தால், தரம் பார்க்காமலே கழிவில் சேர்த்துவிடலாம் என்று ஒரு விதி இருந்தது. இதுவரை யாரும் அதைக் கேட்டுப் போனதில்லை. எவள் போவாள்?

சபை கூடுவதற்கு முதல் நாள் அவள் கல்லறைக்குப் போய் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எலுமிச்சை எடுத்துப் போகவில்லை.

"இந்தா பாரு, நாளைக்கு உன்னைப் பத்தி நாலு பேர் முன்னாடி கேவலமாப் பேசப் போறேன். மனசுல வச்சுக்காத. கம்பெனிக்காரன் எழுந்திரின்னா எழுந்திரிச்ச, ஓடுன்னா ஓடுன. நான் சொல்லி நீ எதக் கேட்ட? இந்த ஒரு தடவை கேளு. ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா கிட."

எவரிஸ்தோ செம்பாக மின்னிக்கொண்டு கிடந்தான். பேசும் பழக்கம் அவனுக்கு முன்பும் கிடையாது.

மறுநாள் யூனியன் மண்டபத்தில் நிற்க இடமில்லை. வழக்கமாக அங்கே தூங்கும் நாய்கள்கூட வெளியே துரத்தப்பட்டன. சுனில்தா எழுந்து நின்று, தன் புருஷன் எவரிஸ்தோ கோல்கே ஒரு சோம்பேறி, ஒருநாளும் ஒழுங்காக வேலை செய்ததில்லை, கம்பெனியை ஏமாற்றிப் பிழைத்தவன், ஆகவே அவன் கழிவு என்று சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. சபை முதலில் அதை நகைச்சுவை என்று நினைத்தது. பிறகு எவரிஸ்தோவின் குழுத் தலைவனாக இருந்த பசிலியோ எழுந்தான். அழுதுகொண்டே எழுந்தான்.

"அண்ணி, என்ன வார்த்தை பேசுறீங்க? அவன் மாதிரி துளை போட இனிமே ஒருத்தன் பொறந்து வரணும். காய்ச்சலோட வந்து நின்னவன் அவன். அவன் பேரைக் கெடுக்க நாங்க விட மாட்டோம். அவன் உலைக்குப் போனா நாங்க அத்தனை பேரும் பின்னாடி நடந்து போவோம்."

கைதட்டல் தகரக் கூரையை அதிரவைத்தது. சுனில்தா அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"காய்ச்சலோட வந்தவன வீட்டுக்குப் போடான்னு சொன்னியா பசிலியோ? இன்னும் ரெண்டு துளை போட்டுட்டுப் போன்னுதான சொன்ன. உசுரோட இருக்கும்போது அவன ஒரு நாளாவது நல்லவன்னு சொல்லிருக்கியா நீ? இப்ப நெருப்புல போடற நேரத்துக்கு உனக்குப் பாசம் பொங்குது. உன் பாசத்துல இடி விழ."

இஞ்சினியர் உர்மெனேட்டா மிருதுவாகத் தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா சாட்சி வேணும். அவர் வேலை செய்யாம இருந்ததப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

ஒருவருமில்லை. பார்த்திருந்தால்தானே. அப்போது பின் வரிசையிலிருந்து ஓர்ஃபெலினா எழுந்தாள். ஏற்கெனவே எரிகிற வீட்டில் பிடுங்குவதற்கு இவள் வேறு வந்துவிட்டாள் என்று சுனில்தா நினைத்தாள்.

"அவ சொல்றது நெசந்தான்" என்றாள் ஓர்ஃபெலினா. "எவரிஸ்தோ சோம்பேறிதான். பழைய வெடிமருந்துக் கொட்டகைக்குப் பின்னாடி படுத்துத் தூங்குவான்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று பசிலியோ கத்தினான்.

"அங்கதான எம் புருசன் தூங்குனான். நான் சோறு கொண்டுபோயிருக்கேன்."

"நிபால்தோவா? நாப்பது சதவீதம் ஆச்சேம்மா அவன்" என்றான் பசிலியோ.

"நாப்பதும் டெலிபோன் கம்பி. நாந்தான் அரத்துல ராவித் தேச்சேன். வேணும்னா உலைக்காரனக் கேளுங்க, எம் புருசனப் போட்டு என்னத்த எடுத்தீங்கன்னு."

உலைக்காரன் தரையைப் பார்த்தான். மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் அந்த ஊர்க்காரர்களின் காதில் இருக்கிறது. ஓர்ஃபெலினா அந்தச் சிரிப்பு முழுவதையும் நின்றபடி வாங்கிக்கொண்டு, முடிந்ததும் உட்கார்ந்தாள். தன் புருஷனைப் பற்றிச் சொன்னது உண்மை, எவரிஸ்தோவைப் பற்றிச் சொன்னது பச்சைப் பொய். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். சுனில்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபை இரண்டுபட்டது. ஆகவே எதற்கு வீண் பேச்சு, குதிகாலைச் சுரண்டிப் பார்த்துவிடலாம் என்று இஞ்சினியர் முடிவு சொன்னார். ஊரே எழுந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தது. பசிலியோவின் ஆட்கள் பேண்டு வாத்தியத்தையும் தயாராக அழைத்து வந்திருந்தார்கள். சுனில்தா தன் கையாலேயே மூடியைத் திறந்தாள்.

உள்ளே செம்பு இல்லை. எவரிஸ்தோ கோல்கே இருந்தான். நரைத்த மீசையும் வெயிலில் கறுத்த கழுத்துமாக, செத்த அன்று எப்படி இருந்தானோ அப்படியே சதையும் தோலுமாக இருந்தான். ஒரே ஒரு வித்தியாசம். நெஞ்சில் கைகோத்து மல்லாந்து படுத்திருந்தவன் இப்போது ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுப்பவன்போலப் படுத்திருந்தான். குறட்டை கேட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. அது மிகை. இஞ்சினியரோடு வந்த ஆய்வுக்கூடத்துக்காரர் குதிகாலைச் சுரண்டினார். பூட்ஸ் கடித்த காய்ப்புத்தான் வந்தது. மறுகாலையும் சுரண்டினார். அப்புறம் முழங்கை. எங்கேயும் பொட்டுச் செம்பு இல்லை. எத்தனையோ நவம்பர்களில் கண்கூச அவனைப் பார்த்திருந்த சனங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். சுனில்தா மட்டும் குனிந்து, "போதும், போதும், தூங்கு" என்று சொல்லி மூடியைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். இஞ்சினியர், செம்பு கரைந்தோடிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் படித்த படிப்பில் அதற்கு இடமிருந்தது.

மற்றவர்கள் எல்லோரும் போனார்கள். பசிலியோவும் இரண்டு வருடத்தில் தூசியில் செத்து, களிம்பு ஏறும்வரை காத்திருந்து, முறைப்படி வாத்தியத்தோடு போனான். உலையிலிருந்து தகடாகி, துறைமுகத்தில் கப்பலேறி, எந்தெந்த ஊர்களிலோ கம்பியாகிப் போனார்கள். ஊரில் சிலர் எங்கே மின்விசிறி சுற்றினாலும் தங்கள் அப்பனுக்கு மூச்சு வாங்குமே என்று சட்டென்று எழுந்துபோய் நிறுத்திவிடுவார்கள். கல்லறைகள் முடிந்ததும் கம்பெனிக்கு ஊர் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியின் மேல் கழிவைக் கொட்டினார்கள், தகர வரிசைகள் விரிசலில் சரிந்தன. சனங்களைப் பள்ளத்தாக்கு நகரத்தில் ஒரே மாதிரி வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். சண்டையில் சமாதானம் சொல்ல ஆளில்லாமல் போனது, சுவர்கள் கெட்டியாக இருந்தன.

குழி கிழக்கே நகர்ந்தது. ஆனால் கழிவென்று ஒப்புக்கொண்ட கல்லறையைக் கம்பெனி தொடாது என்பது கையெழுத்தான விதி. எனவே அந்த ஓர் இடத்தைச் சுற்றி வெட்டினார்கள். குழி ஆழமாக ஆக, எவரிஸ்தோ உயர்ந்துகொண்டே போனான். கடைசியில் குழி நடுவே தேவாலயக் கோபுரம்போல ஒரு கல்தூண் நின்றது, உச்சியில் ஒரு சிலுவையும் காகிதப் பூவளையமும். லாரிக்காரர்கள் அதற்குச் சோம்பேறித் தூண் என்று பேர் வைத்தார்கள், வரைபடத்திலும் அப்படியே ஏறிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை கல்லறைக்குப் போக ஒரு குடிமகளுக்கு உரிமையுண்டு என்று பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கண்டுபிடித்ததால் குழி விளிம்பிலிருந்து தூணுக்கு இரும்புப் பாலமும் போட்டார்கள். நவம்பர் முதல் தேதி சுனில்தா தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, ரொட்டியும் தேநீர்க் குடுவையுமாக அதில் நடந்து போவாள். பின்னாலேயே ஓர்ஃபெலினாவும் போவாள். அவளுக்குப் போக வேறு கல்லறை இல்லை. இரண்டு பேரும் எவரிஸ்தோவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, துலக்குவதற்கு ஒன்றும் இல்லாததால் சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள்.

"உம் புருசன் நல்லாத் தூங்குறான்டி" என்பாள் ஓர்ஃபெலினா.

"உம் புருசன் கத்துக்கொடுத்ததுதான்" என்பாள் சுனில்தா.

சுனில்தா நகரத்து ஆஸ்பத்திரியில் செத்தாள், தூணில் புதைக்கச் சொல்லிவிட்டு. அதற்குத் தரச் சான்றிதழ் வேண்டும் என்று கம்பெனி அலுவலகத்தில் முதலில் இழுத்தடித்தார்கள். உர்மெனேட்டா அப்போது பெரிய பதவிக்குப் போய்த் தலை நரைத்திருந்தார். அவரே விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிக்கலே இல்லை என்றார். வீடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கடைச் சீட்டு எதிலும் மனைவிக்குத் தனி எண் கிடையாது, கணவனின் எண்ணில் அவள் அடக்கம். தரமும் அப்படியே. எவரிஸ்தோ கோல்கேயின் தரம் பூஜ்யம், ஆகவே அவன் மனைவியின் தரமும் பூஜ்யம். தொழில் என்ற இடத்தில் எதுவுமில்லை என்று எழுதி, அவளைத் தூணின் உச்சியில் எவரிஸ்தோவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். முப்பது வருடம் அவனுடைய வேலை உடுப்பைக் கையால் கும்மித் துவைத்தவள் அவள். அந்தத் தூசியெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் தூணின் உச்சியிலிருந்து ஒரு பச்சைக் கோடு இறங்கியது. மழையே பெய்யாத அந்தப் பாலைவனத்தில் அது தன்பாட்டுக்குக் கீழே கீழே வழிந்து, ஐந்தாம் வருடம் அடிவாரத்தைத் தொட்டது. இப்போது தூணின் தென்முகம் முழுதும் செம்பு, சுத்தச் செம்பு. குழியின் மற்ற பக்கமெல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு தேறாது. மாலை வெயில் அதில் பட்டால் லாரிக்காரர்கள் கண்கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாக வரும் இளம் இஞ்சினியர்கள் முதல் வாரம் அதைக் காட்டிப் பரபரப்பார்கள். பழையவர்கள் அவர்களை உட்காரவைத்து, விதியைப் படிக்கச் சொல்வார்கள். இரண்டாம் வாரத்துக்குள் அவர்களும் சுற்றிப் போகப் பழகிவிடுவார்கள். கம்பெனியின் வரைபடத்தில் அந்த இடத்துக்கு நேரே இன்றும் கழிவு என்றுதான் எழுதியிருக்கிறது.